சரிபார்க்கப் போன வீடு

எனக்குப் பொறாமை உண்டு. தலை நரைத்துவிட்டது, பெரிய மனுஷியாகிவிட்டேன் என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குச் சர்க்கரை வருகிறது, ரத்தக் கொதிப்பு வருகிறது. எனக்குப் பதினோரு வயதிலேயே இது வந்துவிட்டது. அதுவும் ஊரில் உள்ள எல்லோர் மேலும் இல்லை, ஒரே ஒருத்தி மேல்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாதா கோயில் பக்கத்து வீடு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா என்பதால் ஊரில் 'சொல்தா வீடு' என்றால் தெரியும். முனிசிபாலிட்டியைப் பிரெஞ்சில் 'மேரி' என்று சொல்லும் குடும்பம். பிரான்சில் இருந்த பெரியப்பா அனுப்பிய பிஸ்கட் டப்பாவை அவள் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வருவாள். டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டுவாள். எனக்கு எரிந்தது அந்த பிஸ்கட்டுக்காக இல்லை. கொடுக்கும்போது அவள் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டாள். நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

வகுப்பில் முதல் ராங்க் எனக்கு. அவளுக்கு எட்டோ ஒன்பதோ. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்தால் மாலை போட டீச்சர் கூப்பிடுவது அவளை. எங்கள் வீடு காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில். ஒரு நாள் நோட்டு வாங்க அங்கே வந்தவள், அடுப்படிக்கே போய் என் அம்மாவிடம் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சத்தம் போட்டுச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நோட்டைக் கொடுத்து அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

இத்தனையையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எண்பதுகளின் நடுவில் நடந்த ஒரு காரியத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்பதற்காகத்தான்.

அப்போது நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று புதிதாக மகளிர் ஆய்வு மையம் தொடங்கி, அதன் முதல் வேலையாக எங்கள் பக்கத்துப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆய்வு நடத்த வந்தது. கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, பெரிய பலகை மாட்டினார்கள். பலகையில் மகளிர் என்று இருந்தது, டைரக்டர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது, கீழே மருந்துக் கடை வேறு. கேட்க வேண்டுமா? பெண்களுக்கு ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முதல் மாதம் முழுக்க யாராவது ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டைரக்டர் மேடம் சென்னைக்காரர். கைத்தறிப் புடவை, குட்டை முடி, நல்ல மனசு. வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்.

வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு எழுதுவதற்கு ஒரு வருஷத்துக்கு இரண்டு பேர் தேவை என்றார்கள். நான் மனுப் போட்டேன். நேர்காணலுக்குப் போனால் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வெறும் பி.ஏ., அதிலும் ஒரு பேப்பரை இரண்டாம் தடவை எழுதிப் பாஸ் செய்தவள். "நீயும் வந்திருக்கியா? நல்லதாப் போச்சுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் சம்பளத்தில் நான் ஒரு பழுப்பு நிறக் கைப்பை வாங்கினேன். அவள் அலுவலகத்துக்கு ஒரு மண்பானை வாங்கி வைத்தாள். மேடம் ஒரு வாரம் அந்தப் பானையைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குக் கொடுத்தது சைக்ளோஸ்டைல் செய்த ஒரு படிவம். நாற்பது கேள்விகள். வீட்டுத் தலைவர் பெயர் முதல் கட்டத்தில், அந்தத் துண்டை மட்டும் மேடம் கிழித்துத் தனியாக வைத்துக்கொள்வார். பிறகு படிப்பு, வேலை, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுவது என்று போகும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு முழுப் பக்கம் காலியாக இருக்கும். அதன் தலைப்பில், 'இவை தவிர நீங்கள் சொல்ல விரும்புவது' என்று ஒரு வரி. சொல்கிறவர்கள் பெயரை நாங்கள் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அவர்கள் சொன்னதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொந்த ஊரில், சொந்தத் தெருவில் யாரும் கேள்வி கேட்கப் போகக் கூடாது. அதனால் தருமபுரம் அவளுக்கு. விழிதியூர் எனக்கு. கடலோரத்துக் கிளிஞ்சல்மேடு பாதிப் பாதி.

என்னுடைய வேலை சுத்தமாக இருக்கும். முதல் கட்டத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போவேன். கிளிஞ்சல்மேட்டில் முதல் நாள், மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாளிடம், "ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"அத எப்படித் தங்கச்சி நான் சொல்றது?" என்றார் அவர்.

"எழுதியாகணுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? என் அம்மாவே சொல்ல மாட்டார். ஆனால் முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போக எனக்குக் கை வராது. பேரைச் சொல்ல மூன்று வீடு தள்ளி இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாத்தனார் வந்தாள், கூடவே நாலு பேர் வந்தார்கள். பெயர் கிடைத்தது. ஆனால் அத்தனை பேர் சுற்றி நிற்க, அந்த அம்மாள் அதற்கப்புறம் எதற்கும் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, "சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமில்ல" என்றார். நானும் அந்தப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். என் படிவங்களில் முக்கால்வாசி அப்படித்தான் முடிந்தன.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவாள். பேர் சொல்லத் தயங்கினால், "அது ரேஷன் கார்டுல இருக்குமே, போறப்ப பாத்து எழுதிக்கலாம்" என்பாள். படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இது இன்றைக்குப் பிடித்த மீனா, இதை எப்படிக் குழம்பு வைப்பீர்கள் என்று ஆரம்பிப்பாள். சில வீடுகளில் அரிவாள்மணையை வாங்கித் தானே உட்கார்ந்து ஆய்வாள். அவளுடைய கடைசிப் பக்கம் நிரம்பி, தனித் தாளில் போய், அதுவும் போதாமல் இன்னொரு தாளைக் குண்டூசி குத்திச் சேர்த்திருக்கும்.

சனிக்கிழமைதோறும் மேடம் இரண்டு பேருடைய படிவங்களையும் பார்ப்பார். அவளுடையதை எடுத்து உரக்கப் படிப்பார். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வந்த அன்றைக்கு ஏனோ அழுகை வந்தது என்று ஒருத்தி. நாற்று நட்டுவிட்டு வரும்போது தனியாக நடந்தால்தான் பாட்டு வரும் என்று இன்னொருத்தி. படிக்கும்போதே மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு என் படிவங்களைப் புரட்டிப் பார்த்து, "உங்களோடது ரொம்ப நீட்டா இருக்கும்மா" என்பார். ஒரு வருஷத்தில் அந்த 'நீட்'டை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். 

அதே ஊர், அதே பெண்கள். எனக்கு 'ஒன்றுமில்லை', அவளுக்கு மூன்று பக்கம். இது எப்படி நடக்கும் என்று யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து கதை கட்டுகிறாள். வேறென்ன? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே போகாத ஊருக்குப் போய் வந்ததாக எழுதுகிறவள்தானே. இந்த முடிவுக்கு வந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வருஷம் முடிகிற நேரத்தில் மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். காரைக்கால் அலுவலகத்தை மூடப் போகிறார்கள். பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளர் என்று ஒரு நிரந்தர வேலை இருக்கிறது. தங்க விடுதி அறையும் தருவார்கள். உங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்றைக்குப் புரியுமா தெரியவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வந்த இரண்டு இடத்திலும், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை என்று ஒன்று கையில் இருந்தால் அப்பாவை எதிர்த்து நிற்க எனக்கு ஒரு வாய் கிடைக்கும். அவளுக்கு என்ன? நினைத்தால் நாளைக்கே பிரான்சுக்கு விமானம் ஏறலாம் என்று நானாக முடிவு கட்டினேன். அந்தப் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தே ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது என்பதை அவளே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்குச் சௌகரியமாக அது மறந்துபோயிருந்தது.

"முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு செக்கிங் இருக்கு" என்றார் மேடம். அவளுடைய படிவங்களில் சிலதைச் சீட்டுப் போட்டு எடுத்து மேடம் தரும் பெயர்த் துண்டை வைத்து நான் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். என்னுடையதில் சிலதை எடுத்துக்கொண்டு அவள் போக வேண்டும். எழுதியிருப்பதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, கடைசியில் இருக்கும் கட்டத்தில் 'சரி' அல்லது 'தவறு' என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு படிவம் பொய் என்று தெரிந்தாலும் அந்த ஆள் எழுதிய அத்தனையையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நான் மனசுக்குள் பாயசம் குடித்தேன்.

சீட்டுக் குலுக்கி எண்களைப் பலகையில் எழுதினார்கள். எனக்கு வந்த எண்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நூற்றேழு என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மேடம் உள்ளே போன பிறகு என் பக்கத்தில் வந்து, "நூத்தி ஏழ மட்டும் நீ பாக்காதடி. அத மேடமே பாக்கட்டும்" என்றாள்.

"ஏன்?"

"ஏன்னு சொல்லக் கூடாதுல்ல? நீயா மேடங்கிட்ட கேட்டு மாத்திக்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சீட்டுல வந்தத எப்படி மாத்துறது?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அவள் பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பதினாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்த்தவளுக்குத் தெரியாதா, அது பயம்தான். ஆள் அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அவள் வெளியே போனதும் படிவ அடுக்கிலிருந்து நூற்றேழை உருவி எடுத்துப் படித்தேன். பெயர்த் துண்டு இல்லை. இடம்: தருமபுரம். படிப்பு: எட்டாம் வகுப்பு. பிறந்த ஊர்: விழிதியூர். எழும் நேரம் நாலரை. கடைசியில் சாப்பிடுவது, நான்தான். இதுவரைக்கும் ஒன்றுமில்லை, தருமபுரத்தில் அப்படிப் பத்துப் பெண்களாவது இருப்பார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அவள் வழக்கம்போலச் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்.

"கணக்குல நான்தான் எப்பவும் மொதல். விழிதியூர்லேருந்து நாலு பொண்ணுங்க நடந்து வந்து படிச்சோம். பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திட்டாங்க. இப்ப எம் பொண்ணு ஆய்வுக்குப் போறா. காலைல கைப்பைய மாட்டிக்கிட்டு அவ கெளம்புறப்ப எனக்கு வயிறு எரியுது. பெத்த பொண்ணப் பாத்து யாராவது எரிவாங்களா? நான் எரியிறேன். நான் போயிருக்க வேண்டியதுன்னு தோணுது. ரெண்டு தடவ அவ சோத்துல வேணும்னே உப்புப் போடாமக் குடுத்து விட்டேன். சாயங்காலம் வந்து டப்பாவ வெச்சுட்டு ஒண்ணும் கேக்காமப் போயிட்டா. அன்னிக்கு சாமி முன்னாடி நிக்கக் கூச்சமா இருந்துச்சு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல."

தருமபுரத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டு ஆய்வுக்குப் போகிற பெண் நான் ஒருத்திதான்.

என் காது சூடாகிவிட்டது. என் வீடும் அவளுடைய பட்டியலில் வந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்கும்போது சொந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதி போட்டவர்கள், சரிபார்க்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. உடனே உள்ளே போய், மேடம், இது என் வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் புத்தி வேறு கணக்குப் போட்டது. என் அம்மாவாவது இப்படிச் சொல்வதாவது! உப்பில்லாத அந்த இரண்டு நாளும் எனக்கு ஞாபகம் இருந்தன. அலுவலகத்தில் சாப்பிடும்போது, எங்கம்மாவுக்கு இன்னைக்கு என்ன ஆச்சோ என்று முணுமுணுத்தேன். அவள்தான் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயைத் தள்ளி வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறாள். என்னிடமே திருடி, என் அம்மா வாயில் வைத்திருக்கிறாள். அம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆட்டம் முடிந்தது. வேலை எனக்கு.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் படிவத்தோடு வீட்டுக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லயா?"

"வேலையா வந்தேம்மா. எங்க ஆபீஸ்லேருந்து இங்க யாராவது கேள்வி கேக்க வந்தாங்களா?"

"வந்தாளே. ஒன் கூட்டாளிதான்."

"நீ எங்கிட்ட சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னா. அவளும் சொல்ல மாட்டேன்னா."

"அவ எழுதினது சரியான்னு பாக்க வந்திருக்கேன். படிக்கிறேன், சரியா தப்பான்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் முதல் பக்கத்தைப் படித்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"அதப் படிக்காத" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் கதை கட்டவில்லை. இதில் மட்டுமில்லை, எதிலுமே கட்டவில்லை. புருஷன் கடலிலிருந்து திரும்பிய அன்றைக்கு அழுதவள், பாட்டு வரும் என்று சொன்னவள், எல்லோரும் நிஜம். அப்போதே எழுந்து போயிருக்கலாம். நான் போகவில்லை. "படிச்சாத்தான் கையெழுத்து வாங்க முடியும்" என்று சொல்லி, ஒரு வரி விடாமல் அம்மாவின் முகத்துக்கு நேராகப் படித்தேன். வயிறு எரியுது என்ற இடத்தில் குரல் கொஞ்சம் ஏறியது, இறக்கிக்கொண்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீ சொன்னதா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு."

"இல்லன்னா என்ன ஆவும்?"

"அவ எழுதினது எல்லாம் பொய்யின்னு ஆயிடும். அவள அனுப்பிடுவாங்க."

"ஒனக்கு?"

"அந்த வேலை எனக்குக் கெடைக்கும். பெர்மனன்ட்."

அம்மா மீதி இருந்த இறாலை எடுத்து ஒவ்வொன்றாக உரித்தார். ஒரு படிக்கு மேல் இருக்கும். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்னால் எதையும் நினைக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள், அவளும் இரண்டு இறால் உரித்துக் கொடுத்திருப்பாள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒன்னப் பத்தித்தானடி சொன்னேன். ஒங்கிட்டயே எப்படிச் சொல்றது?"

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு. ஒனக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவேன். ஒப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன், ஒன்னப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். எல்லாம் பொய்தான். இது ஒண்ணுதான் எனக்குன்னு வாயத் தொறந்து சொன்னது. அவ எழுந்து போன பொறவு ரெண்டு நாளு எனக்கு ஒடம்பே லேசா இருந்துச்சு. அத என் வாயால இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப சரின்னு எழுதவா?"

"எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். மேல நீ என்ன வேணா எழுதிக்க. நான் வந்து கேக்க மாட்டேன்."

பேனாவை வாங்கி, காலியாக இருந்த கட்டத்துக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதி முடித்துவிட்டு இறாலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

நான் நடந்தே கடைத்தெருவுக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். அம்மா மேல், அவள் மேல், விதி போட்ட மேடம் மேல். அத்தனை நேரம் என் அம்மா எதிரில் உட்கார்ந்து அவள் கேட்டிருக்கிறாள். நான் பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருக்கிறேன், அம்மா கணக்கில் முதல் என்பது எனக்குத் தெரியாது. பிஸ்கட் டப்பா, மாலை, மேடத்தின் பாராட்டு எல்லாம் போகட்டும், இதையுமா அவள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மருந்துக் கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தேன். மேலே மண்பானையிலிருந்து யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அவள்தான். அவளுக்கு இன்றைக்கு நான் போன இடம் தெரியும். 'தவறு' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்து இருக்கிறது. அம்மா வந்து கேட்க மாட்டார். அவள் வாயைத் திறந்தால் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை என்று ஆகிவிடும், அதனால் அவளும் பேச மாட்டாள். எனக்கு விடுதி அறை, சம்பளம், அப்பாவை எதிர்த்து நிற்க ஒரு வாய், எல்லாம் கிடைக்கும்.

கட்டத்தில் பேனாவை வைத்தேன். எழுதாமலே எடுத்துவிட்டேன்.

நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மாவுக்காகவும் இல்லை, அவளுக்காக நிச்சயமாக இல்லை. எனக்கு உறைத்தது வேறு. பதினோரு வயதிலிருந்து நான் ஒருத்தியைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தேன். என்னைப் பார்த்து எரிய என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இப்போது ஒரு தாளில் இருக்கிறது, எண் போட்டு, கையெழுத்தோடு. தவறு என்று எழுதினால் அதுவும் தவறாகிவிடும்.

'சரி' என்று எழுதிவிட்டு மேலே போனேன். வேலை அவளுக்குப் போகும் என்று தெரிந்துதான் எழுதினேன், அவளுக்குத்தான் போனது. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் இருந்த ஒரே ஒருத்தியைப் பொய் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.